பத்து சென்டிமீட்டர்

அத்தியாயம் பதினேழு

போன வாரம் வெட்டுக்கிளியை விடுதிக் குளியலறைக்குள் அழவிட்டுவிட்டு வந்துவிட்டோம். குழாயைத் திறந்துவிட்டு அழுதால் வெளியே கேட்காது என்று அவள் நினைத்திருந்தாள். அக்காவுக்குக் கேட்டது. கேட்காத மாதிரி படுத்திருந்தாள், அவ்வளவுதான்.

அழாமல் என்ன செய்வாள்? பெண்களுக்கான நூறு மீட்டர் தடை ஓட்டம் என்பது பதின்மூன்று விநாடி சமாச்சாரம். நேற்றைய முதல் சுற்றில் அந்தப் பதின்மூன்று விநாடிக்குள் ஆறாவது தடையை முழங்காலால் இடித்தாள், எட்டாவதைக் குதிகாலால் இடித்தாள், ஐந்தாவதாக வந்து சேர்ந்தாள். நேரக் கணக்கில் அரையிறுதிக்கு எடுக்கும் கடைசி ஓர் இடம், போனால் போகிறதென்று அவளுக்குக் கிடைத்தது. உலகமே பார்க்கும் பந்தயத்தில் இப்படியா என்று அவளுக்கே மானம் போனது.

இந்தக் கதைக்குப் புதிதாக வருபவர்களுக்கு அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெட்டுக்கிளியைவிட எட்டு வயது மூத்தவள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தருபவள். முழங்கால் போவதற்கு முன் தானும் தடை ஓடியவள். தங்கைக்கு வெட்டுக்கிளி என்று பெயர் வைத்ததும் அவள்தான், பன்னிரண்டு வயதில் அவளை முதல் தடையைத் தாண்டவைத்ததும் அவள்தான். ஆனால் பயிற்சியாளர் என்று நீட்டிக் காட்ட அவளிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பெரிய முகாமை ஒதுக்கிவிட்டு அக்காவிடமே பயிற்சி பெறுவேன் என்று ஒருத்தி பிடிவாதமாக நின்று, தகுதியும் பெற்று வந்தது குழு மேனேஜருக்கு முதல் நாளிலிருந்தே தொண்டையில் சிக்கிய முள்.

மேனேஜர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. தேன் ஒழுகத்தான் பேசுவார். இன்று காலை ஏழு மணிக்கும் அப்படித்தான் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார், வெட்டுக்கிளியின் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தை வைத்தார், அதன்மேல் பேனாவையும் வைத்தார்.

வலது தொடையில் தசைப்பிடிப்பு இருப்பதால் அரையிறுதியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று அதில் டைப் செய்திருந்தது. குழு டாக்டரின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. டாக்டர் அந்தத் தொடையைப் பார்க்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

சங்கதி இதுதான். நாளைக்குத் தொடர் ஓட்டம். நாலு பேரில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. தடை இல்லாத நேர் ஓட்டத்தில் வெட்டுக்கிளி வேகமானவள், அவளைப் போட்டால் பதக்கம் வரலாம் என்று மேனேஜருக்குக் கணக்கு. காரணமில்லாமல் ஒரு சுற்றிலிருந்து விலகினால் மற்றப் போட்டிகளிலும் ஓடக் கூடாது என்று விதி இருப்பதால்தான் இந்த டாக்டர் சீட்டு. கையெழுத்துப் போட்டால் நாளைய தொடர் ஓட்டத்தில் இடம், இரண்டு வருஷத்துக்கு முகாமில் இடம். போடாமல் அரையிறுதி ஓடி, இறுதிக்கும் வராமல் போனால் முகாம் இல்லை, நாட்டுக்காக ஓடுகிற வாய்ப்பும் இன்றோடு சரி. பதினோரு மணிக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றார். நேற்று ஓடின ஓட்டத்தைப் பார்த்தால் யோசிக்க ஒன்றும் இல்லையே அம்மா என்று கடைசியில் ஒரு கரண்டி தேனும் ஊற்றினார்.

வெட்டுக்கிளி பேனாவை எடுத்தாள். அக்கா காகிதத்தை எடுத்தாள். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

"பதினோரு மணின்னுதானே சொன்னீங்க சார்? பதினோரு மணிக்குத் தர்றோம்."

மேனேஜர் சிரித்துக்கொண்டே போனார். அக்கா பாதி முட்டையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். வெட்டுக்கிளி முட்டையைத் தொடவே இல்லை.

வார்ம் அப் மைதானம் பந்தய அரங்கத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. நடந்து போகும்போது வெட்டுக்கிளி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். கால் செத்துப்போச்சுக்கா என்றாள். ஊரில் ஓடினபோது பறந்த கால் இங்கே வந்ததும் ஏன் எட்டமாட்டேன் என்கிறது? வயசு முப்பது. ஒரு பிள்ளை பெற்ற உடம்பு. ஊரில் ஸ்டாப் வாட்ச்சை அழுத்தினது நீதானே, பாசத்தில் அரை விநாடி முன்னாடி அழுத்தியிருப்பாய் என்றுகூடச் சொன்னாள்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் வித்தியாசம் தெரியாமல் பத்து வருஷமாக அவள் காரைச் சுவரில் மோதவைத்த மனிதர்கள் எத்தனையோ பேர், அவர்களில் யாரும் அவளைப் பொய்க்காரி என்று சொன்னதில்லை. ஊரில் ஓடின நேரமெல்லாம் பிரமாதம். இங்கே தலைகீழ். ஏன் என்று நேற்று முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை.

"அஞ்சு தடை மட்டும் ஓடு. நான் பாக்கறேன்" என்றாள்.

ஓடினாள். மூன்றாவது தடைக்கு முன்னால் கால் எட்டவில்லை. எட்டிப் பிடிக்க உடம்பை இழுத்தாள், நாலாவதில் மேல் கட்டை தொடையில் பட்டது. அக்கா கிட்டப் போய் ரப்பர் தரையில் ஸ்பைக் முனை குத்தின தடங்களைப் பார்த்தாள். தாண்டுவதற்காகக் காலை ஊன்றுகிற இடம் ஊரில் இருப்பதைவிடத் தடையிலிருந்து தள்ளி இருந்தது. ஒவ்வொரு தடைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. கார் நிறுத்தச் சொல்லித்தரும்போது இடத்தை அடிமேல் அடிவைத்து அளப்பாள். குதிகாலை முன்கால் விரலோடு ஒட்டிவைத்து, ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். ஊரில் ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் நடுவில் அவள் ஷூவுக்கு முப்பத்து நாலு அடி. கச்சிதமாக முப்பத்து நாலு. அதைப் பல தடவை எண்ணியிருக்கிறாள்.

இங்கே முப்பத்து நாலு முடிந்தும் ஓர் உள்ளங்கை அகலம் மிச்சம் இருந்தது. அடுத்த இடைவெளியையும் எண்ணினாள். அங்கும் மிச்சம். அதற்கடுத்ததிலும் அதே உள்ளங்கை.

நம் அக்கா அடுத்து என்ன செய்திருப்பாள் என்று நினைக்கிறீர்கள்? தன்மேல் சந்தேகப்பட்டாளா? அவளாவது, சந்தேகப்படுவதாவது. பச்சைச் சட்டை போட்ட மைதான அலுவலரிடம் விறுவிறுவென்று போய், உங்கள் தடையெல்லாம் தள்ளிப் போட்டிருக்கிறீர்கள், இதில் ஓடிப் பார்த்துத்தான் என் தங்கை நேற்றுக் கெட்டாள் என்று வரிந்துகட்டிக்கொண்டு நின்றாள். அந்த மனிதர் எஃகு டேப்பை எடுத்துவந்து அவள் கையிலேயே ஒரு முனையைக் கொடுத்தார். எட்டு மீட்டர் ஐம்பது. அடுத்தது எட்டு மீட்டர் ஐம்பது. ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

அப்போதுதான் அக்காவுக்கு ஊரில் தான் போட்ட கோடுகள் ஞாபகம் வந்தன.

வெட்டுக்கிளி தகுதி பெற்ற கையோடு, ஐந்து மாதத்துக்கு முன், ஊர் மைதானத்தைப் புதுப்பிக்கிறோம் என்று தோண்டிப் போட்டுவிட்டார்கள். அதன்பின் பயிற்சியெல்லாம் பஸ் டெப்போவுக்குப் பின்னால் வண்டி போகாத ஒரு தார்ச் சாலையில்தான். தடைகளை எங்கே வைப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவே அளந்து வெள்ளைப் பெயின்டில் கோடு போட்டாள். அளக்கத் தங்கை புருஷனின் டேப்பைக் கேட்டு வாங்கினாள். அவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். வீட்டில் எல்லாருக்கும் அவர் டைல்ஸ்காரர்.

போன் போட்டாள். டைல்ஸ்காரர் யார் வீட்டுக் குளியலறையிலோ முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் டைல் வெட்டுகிற மெஷின் சத்தம். மாப்பிள்ளை, உங்கள் டேப்பில் ஏதாவது கோளாறு உண்டா என்று கேட்டாள். கோளாறா, நல்ல டேப்பாச்சே என்றார் அவர். மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, சாவகாசமாக அடுத்ததைச் சொன்னார்.

"முன்னாடி பத்து சென்டிமீட்டர் மட்டும் ஒடஞ்சுபோச்சு அண்ணி. போன வருஷமே. பத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கும். நாங்க பத்து சேத்து வெச்சுப்போம். எங்க சைட்ல எல்லாருக்கும் தெரியுமே."

அக்கா போனைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். சைட்டில் எல்லாருக்கும் தெரியும். கொத்தனாருக்குத் தெரியும், பிளம்பருக்குத் தெரியும், சிமென்ட் குழைக்கிறவருக்குத் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. எட்டு ஐம்பது என்று டேப்பில் படித்து, எட்டு நாற்பதில் கோடு போட்டிருக்கிறாள். ஒவ்வொரு இடைவெளிக்கும் டேப்பைப் புதிதாக வைத்து, ஒவ்வொன்றிலும் அதே பத்தை விட்டிருக்கிறாள். ஐந்து மாதம், வாரத்துக்கு ஐந்து நாள், வெட்டுக்கிளியின் கால் அந்தத் தப்பை மனப்பாடம் செய்திருக்கிறது.

"அண்ணி, என்னாச்சு?" என்று கேட்டார் டைல்ஸ்காரர். அவருக்கும் இப்போது விளங்கியிருக்க வேண்டும், குரல் இறங்கிவிட்டது. நான் டேப்பைக் கொடுக்கும்போதே சொல்லியிருக்கணும் என்று ஆரம்பித்தார். அக்கா அவரை முடிக்கவிடவில்லை. டேப்பின் முனையைப் பார்க்காமல் அளந்தது நான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மணி ஒன்பதரை. மைதான ஓரப் பெஞ்சில் வெட்டுக்கிளி ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லாமல் விடவும் வழி இருந்தது. அடியைக் கொஞ்சம் நீட்டி வை என்று பொதுவாகச் சொல்லி ஒப்பேற்றலாம். அரையிறுதிக்கு எட்டரை மணிநேரம் இருக்கும்போது, உன் பயிற்சியே கோணல் என்று ஒருத்தியிடம் சொல்லலாமா? சொன்னால் இனி எப்போதாவது இவள் என்னை நம்புவாளா? மேனேஜர் காதுக்குப் போனால் அவர் அதைத் தட்டில் வைத்து ஊரெல்லாம் பரிமாறமாட்டாரா? பெஞ்சுக்கு நடந்த இருபது அடிக்குள் அக்கா இவ்வளவையும் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் அந்தக் காகிதத்தின் கீழே இருந்த டாக்டர் கையெழுத்தைப் பார்த்தபோது வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றையும் மெழுகாமல் முழுசாகச் சொன்னாள்.

வெட்டுக்கிளி நாடாவைக் கையில் பிடித்தபடி கேட்டாள். முடிந்ததும் தன் காலைக் குனிந்து பார்த்தாள்.

"அப்போ என் காலுக்கு ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல. தப்பு பூரா என்னுது."

"உனக்குத் தெரியுமா, நேத்து நான் என்ன நெனச்சேன்னு?" வெட்டுக்கிளி நாடாவை விரலில் இறுக்கிச் சுற்றினாள். "புள்ள பெத்ததாலதான் கால் போச்சுன்னு நெனச்சேன். நாலு வயசுக் கொழந்தையை, அது பாட்டுக்கு வீட்ல வெளையாடிட்டு இருக்கறதை, மனசுக்குள்ள குத்தம் சொன்னேன்க்கா. அவ பொறக்காம இருந்திருந்தான்னுகூட ஒரு நிமிஷம் நெனச்சேன்."

அக்காவால் அதைத் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டாள். அந்த வீட்டில் அக்கா மன்னிப்புக் கேட்டு யாரும் பார்த்ததில்லை என்பதால், வெட்டுக்கிளிக்கு அதை என்ன செய்வதென்றே தெரியவில்லை. கையிலிருந்த ஷூவை அக்காவின் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். நல்லவேளை, ஸ்பைக் இல்லாத பக்கம். பிறகு அக்காவின் தோளிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுந்து, ஷூவைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

அக்காவுக்கு உயிர் வந்தது. பழைய டிரைவிங் ஸ்கூல் குரலும் வந்தது. ஐந்து மாதமாகக் கிட்டக் கிட்ட வைத்த தடையில் ஓடினதால் கால் மாறுகிற வேகம் ஏறித்தான் இருக்கிறது, அது எங்கேயும் போகாது என்று விளக்கினாள். குறைவது இடைவெளிக்குப் பத்து சென்டிமீட்டர். தடையைத் தாண்டி இறங்குகிற அடியையும் சேர்த்தால் நாலு அடி. அடிக்கு இரண்டு விரல் அகலம்கூட வராது.

"நீ எட்டாதே. எட்டினா இடிக்கும். பின்னாடி தரையைத் தள்ளு. கியரை மாத்தாம ஆக்சிலேட்டரை மட்டும் மிதிக்கற மாதிரி."

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுக்கா."

"நீ ஒருத்திதான் என்கிட்ட கத்துக்காதவ. அதனாலதான் உயிரோட இருக்க. ஓடு."

முதல் ஓட்டத்தில் மூன்றாவது தடை இடித்தது. இரண்டாவதில் ஐந்தையும் தாண்டினாள், ஆனால் கோணலாக. நாலாவது ஓட்டத்தில் அக்கா தரையில் கைவைத்துத் தடத்தைப் பார்த்தாள். ஊன்றுகிற இடம் ஊரில் இருந்த இடத்துக்கே வந்திருந்தது. போதும், மிச்சத்தைச் சாயங்காலத்துக்கு வை என்று நிறுத்திவிட்டாள்.

பதினோரு மணிக்கு இருவரும் மேனேஜரின் அறைக்குப் போனார்கள். கதவு திறந்திருந்தது. வெட்டுக்கிளி அக்காவின் பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். கையெழுத்து இருக்க வேண்டிய இடம் காலியாகவே இருந்தது.

"என் தொடையில தசைப்பிடிப்பு இல்ல சார். டாக்டர் தொடையில வேணா இருக்கும். நான் ஓடறேன்."

மேனேஜர் அப்போதும் கோபப்படவில்லை. நேற்று என்ன ஆயிற்று என்று அக்காவைக் கேட்டார். அக்காவுக்கு மறைக்கத் தோன்றவில்லை, டேப் கதையை அவரிடமும் சொன்னாள். அவர் கண் லேசாகச் சுருங்கியது. பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, அக்காவின் அனுமதி அட்டையைக் கேட்டு வாங்கினார். அந்த அட்டையில் ஒவ்வொரு நாள் மதியமும் அவர் கையெழுத்துப் போட்டால்தான் அன்று சாயங்காலம் உள்ளே போக முடியும். கையெழுத்துப் போடாமலே இழுப்பறைக்குள் வைத்து மூடினார். அளக்கத் தெரிந்த பயிற்சியாளர்கள் உள்ளே இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்.

ஆக, சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கா அரங்கத்துக்கு வெளியே இருந்தாள்.

வெளிச் சதுக்கத்தில் ஒரு பெரிய திரை வைத்திருந்தார்கள். டிக்கெட் கிடைக்காத கூட்டம் தரையில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தது. அக்கா திரைக்குக் கிட்டப் போய் நின்றாள். போனில் டைல்ஸ்காரர் இருந்தார். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார், மடியில் குழந்தை. அம்மா எப்போ வருவா என்று அது கேட்பது போனில் கேட்டது.

திரையில் எட்டுப் பெண்கள் தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் கையை உதறிக்கொண்டு நின்றார்கள். வெட்டுக்கிளி இரண்டாவது லேன். அவள் இன்னும் குனியவேயில்லை.

அதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கம் துப்பாக்கி வெடித்தது.

அக்காவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. திரையில் காட்டுவது அரை நிமிஷம் பிந்தி வருகிறது என்று பிறகுதான் உறைத்தது. உள்ளே உண்மையான ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மதிலுக்கு மேலே கூட்டத்தின் இரைச்சல் எழும்பி, உச்சிக்குப் போய், ஒரு பெரிய ஹோவென்று முடிந்தது. முடிந்தே போய்விட்டது. தங்கையின் தலையெழுத்து எழுதியாகிவிட்டது. திரையில் அவள் அப்போதுதான் விரல்களைக் கோட்டில் ஊன்றினாள்.

முடிந்துபோன ஓட்டத்துக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று அக்காவுக்குத் தெரிந்தது. தெரிந்தும் நின்றாள்.

திரையில் துப்பாக்கி வெடித்தது. முதல் தடையில் வெட்டுக்கிளி ஐந்தாவது. இரண்டாவதிலும் ஐந்தாவது. தள்ளு, தள்ளு என்று அக்கா முணுமுணுத்தாள். நாலாவதில் அவளோடு சேர்ந்து மூன்று பேர் ஒரே வரிசையில் இருந்தார்கள். ஆறாவது வந்தபோது அக்கா கண்ணை மூடப்போனாள், மூடவில்லை. நேற்று இடித்த ஆறாவதுக்கு மேலே வெட்டுக்கிளியின் முழங்கால் சும்மா போனது. எட்டாவதும் போனது. ஊரில் பழகின அந்த வேகமான கால் இப்போது முழுத் தூரத்தையும் தின்றுகொண்டு வந்தது. பத்தாவதைத் தாண்டி இறங்கியபோது அவளுக்கு முன்னால் ஒரே ஒருத்தி இருந்தாள்.

இரண்டாவது. முதல் இரண்டு பேருக்கு இறுதிப் போட்டியில் நேரடி இடம். அவள் வாழ்நாளிலேயே ஓடாத குறைந்த நேரம் திரையில் வந்தது.

போனில் டைல்ஸ்காரர் அழுதுகொண்டிருந்தார். குழந்தை அவரை அழாதேப்பா என்று அதட்டியது. அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்திலிருந்த ஒரு பெண், யாரென்றே தெரியாதவள், தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அதை வாங்கி முழுதையும் குடித்துவிட்டுத்தான் நன்றி சொன்னாள்.

இறுதி எட்டு மணிக்கு. ஆறே முக்காலுக்கு மேனேஜர் சதுக்கத்தை ஒட்டிய கேட்டுக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டார். கையில் அக்காவின் அட்டை, கையெழுத்தோடு. முகத்தில் மாப்பிள்ளை வீட்டார் சிரிப்பு.

விஷயம் சின்னது என்றார். டிவிக்காரர்கள் கேட்கிறார்கள், விவரத் தாளில் பயிற்சியாளர் என்ற இடத்தில் ஒரு பெயர் போட வேண்டும். முகாமின் தலைமைப் பயிற்சியாளர் பெயரைப் போட்டுவிடலாம். அக்கா ஒரு வார்த்தை சரி என்று சொன்னால் போதும், இந்த நிமிஷமே உள்ளே போய்த் தங்கையோடு நிற்கலாம். அவள் அங்கே தனியாக அல்லவா இருக்கிறாள்? வெள்ளிக்கிழமை பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுக்கப்போகும் பேட்டியில் இந்த டேப் சமாச்சாரம் வெளியே வந்தால் யாருக்கு அவமானம்? நான் உங்களுக்காகத்தான் சொல்கிறேன் என்றார்.

அக்கா அட்டையைப் பார்த்தாள். அதை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடிப்போய்விட வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. பெயரில் என்ன இருக்கிறது, போய்த் தொலையட்டும் என்றுகூட நினைத்தாள். பதினெட்டு வருஷம் காலை ஐந்து மணிக்கு எழுந்ததை யார் பெயரில் எழுதினால் என்ன?

பிறகு அவளுக்கு அடக்கமாட்டாத கோபம் வந்தது.

"அளந்தது நான். தப்பா அளந்ததும் நான்தான், அதை ஊர் முழுக்க சொல்லுங்க, நானே மைக்ல சொல்றேன். தப்பு மட்டும் என் பேர்ல, ஓட்டம் இன்னொருத்தர் பேர்லயா? அட்டையை நீங்களே வெச்சுக்கோங்க சார்."

மேனேஜர் தோளைக் குலுக்கினார். அதற்குள் உள்ளேயிருந்து ஒருத்தி கேட்டை நோக்கி நடந்து வந்தாள். தோளில் பை, கையில் ஸ்பைக் ஷூ. வெட்டுக்கிளிதான். வார்ம் அப் மைதானத்தில் அக்காவைத் தேடி, காணாமல், விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்ன கேட்டார் என்றாள். அக்கா சொன்னாள். நீ போ, நான் இல்லாமல்தானே அரையிறுதி ஓடினாய், இதையும் ஓடு என்றாள்.

வெட்டுக்கிளி போகவில்லை. பையைக் கேட்டுக்குப் பக்கத்தில் சிமென்ட் தரையில் வைத்தாள். காவலுக்கு நின்ற பெண்ணிடம், இங்கே உடம்பைச் சூடாக்கிக்கொள்ளக் கூடாது என்று விதி இருக்கிறதா என்று கேட்டாள். அந்தப் பெண் யோசித்துப் பார்த்து, அப்படி ஒன்றும் இல்லை என்றாள். வெளியே நிற்கிறவர் பேசக் கூடாது என்று இருக்கிறதா? அதுவும் இல்லை.

வெட்டுக்கிளி கேட்டை ஒட்டிய பாதையில், மேனேஜரின் கண்ணெதிரே, முழங்காலை உயர்த்தி உயர்த்தி ஓட ஆரம்பித்தாள். அக்கா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பைத் தூக்கு, தோளைத் தளர விடு, தள்ளு, எட்டாதே என்று வெளியிலிருந்து கத்தினாள். ஐஸ்கிரீம் தின்ற கூட்டம் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தது. யாரோ கை தட்டினார்கள். கால் மணிநேரம் அப்படியே நடந்தது. மேனேஜர் இருமுறை கடிகாரத்தைப் பார்த்தார், ஒருமுறை போனில் யாரையோ கூப்பிட்டார்.

ஏழே காலுக்கு ஒலிபெருக்கி இறுதிப் போட்டியாளர்களை அழைத்தது. ஐந்து நிமிஷத்துக்குள் உள்ளே பெயர் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும்.

"உங்க அக்கா சரின்னு சொல்லாட்டியும் அந்தத் தாளை நான்தாம்மா கொடுக்கணும்" என்றார் மேனேஜர், எப்போதும்போலத் தேன் ஒழுக. "தலைமைப் பயிற்சியாளர் பேர்தான் அதுல போகும்."

வெட்டுக்கிளி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வியர்வையைத் துடைத்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது, அது முகத்தில் தெரிந்தது. குரலில் தெரியவில்லை.

"தாள்ல நீங்க யார் பேரை வேணும்னாலும் எழுதிக்கோங்க சார். ஆனா ஓட்டம் முடிஞ்சு மைக் என் முன்னாடிதான் வரும். அதுக்கு ஜெயிக்கணும்னா, ஜெயிச்சுட்டு வர்றேன்."

அக்காவைத் திரும்பிப் பார்க்காமல் அவள் உள்ளே ஓடினாள்.